தேதி போடாத வரி

"அம்மிணி, அந்த நாலாம் நம்பர் பிரஸ்ஸோடத ஒருக்கா காகிதத்துல எடுத்துக் குடுக்கறீங்களா?"

கருப்புசாமியண்ணன் என் மேசைக்கு முன்னால் வந்து நின்றபோது காலை பதினோரு மணி இருக்கும். கையைத் துடைத்துவிட்டு வந்திருந்தார். மெயின்டனன்ஸ் ஆட்கள் கிரீஸ் கையோடு ஆபீசுக்குள் வருவதும், கீபோர்டைத் தொடாதீர்கள் என்று நான் கத்துவதும், அவர்கள் சிரித்துக்கொண்டே தொடுவதும்தான் எங்கள் கம்பெனியின் வழக்கம். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை, எனக்கும் கத்த வாய் வரவில்லை. பிரின்ட் எடுத்துக் கொடுத்தேன். ஒரே ஒரு வரி. நாலாம் நம்பர் பிரஸ், பாதுகாப்பு சென்சார், பழுது சரிசெய்யப்பட்டது, மார்ச் 31, செய்தவர் கருப்புசாமி.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு படித்தார். காகிதத்தைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து மறுபடியும் படித்தார்.

"நாந்தானுங்களா பண்ணுனே?" என்று என்னிடம் கேட்டார். "எனக்கு நாபகமே வரமாட்டீங்குது அம்மிணி. நோட்டு இருந்துதுன்னா பாத்துப்போடலாம். அதையுந்தான் பழைய பேப்பருக்குப் போட்டுட்டாங்களே."

நோட்டு பழைய பேப்பருக்குப் போகவில்லை. அவர் முழங்காலுக்கு இரண்டடி தள்ளி, என் இரும்பு அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. நான் பிரின்டரில் ஏதோ சிக்கியிருப்பது போல் குனிந்துகொண்டேன். நிமிர்ந்தபோது அவர் போயிருந்தார்.

அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் நாலாம் நம்பர் பிரஸ்ஸில் ராக்கப்பனின் வலது கை சிக்கியது. கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது. பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோட்டில் பைப்புகளுக்கு கிளாம்ப் அடிக்கும் சின்னக் கம்பெனி எங்களுடையது, எண்பது பேர். தகட்டை வைத்துவிட்டுக் கையை எடுப்பதற்குள், தகட்டை அடித்து வளைக்கும் பிரஸ் இறங்கிவிடாமல் இருக்க ஒவ்வொரு மிஷினிலும் ஒரு சென்சார் உண்டு. கை உள்ளே இருந்தால் மிஷினை நிறுத்திவிடும். ஷெட்டில் அதற்குப் பெயர் கண்ணு. அன்றைக்கு அந்தக் கண்ணு பார்க்கவில்லை. ராக்கப்பன் போட்ட சத்தம் கண்ணாடிக் கதவைத் தாண்டி என் காதுக்கு வந்தது. அந்தச் சத்தத்தைப் பற்றி எழுதப் போவதில்லை.

அந்த வரியில் இருக்கும் தேதி என்னுடையது. நான்தான் போட்டேன்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நர்மதா, கம்ப்யூட்டர் படித்தவள். இந்தக் கம்பெனியில் பிரின்டருக்கு மை தீர்ந்தாலும் நான்தான், நெட் போனாலும் நான்தான், முதலாளியின் மகள் போனில் படம் நிறைந்துவிட்டாலும் நான்தான். போன வருஷம் ஒரு பெரிய கம்பெனி எங்களுக்கு ஆர்டர் தர முன்வந்தது. எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்க வேண்டும், எந்த மிஷினுக்கு எப்போது என்ன வேலை பார்த்தீர்கள் என்று எந்த நேரமும் காட்ட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தார்கள். முதலாளி ஹரிநாராயணன் சார் கொச்சியில் ஒரு சாப்ட்வேர் கம்பெனியைப் பிடித்தார். பழைய விவரங்களை ஏற்றிக்கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. பெருமையாகத்தான் வாங்கிக்கொண்டேன், பொய் சொல்வானேன்.

கருப்புசாமியண்ணனின் நோட்டில் ஒரு முறை இருந்தது. எந்த மிஷினில் என்ன கோளாறு என்று அன்றைய தேதிப் பக்கத்தில் முதலில் எழுதிவிடுவார். வேலை முடிந்த பிறகுதான், முடித்த தேதிக்கான கட்டத்தை நிரப்புவார். கட்டம் காலி என்றால் அந்த வேலை பாக்கி. தினமும் காலையில் டீ குடித்துக்கொண்டே பக்கங்களைத் தள்ளி, காலிக் கட்டம் இருக்கும் மிஷின்களை மட்டும் போய்ப் பார்ப்பார். ஷெட்டில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்குத் தெரியாது. எழுத மறந்துவிட்டார் என்று நினைத்தேன். பெரியவர்தானே, மறந்திருப்பார் என்று.

புது சிஸ்டம் காலிக் கட்டத்தை ஏற்கவில்லை. ஏற்றினால் திருப்பித் துப்பியது. கொச்சிக்கு போன் போட்டேன். சாப்ட்வேர் கம்பெனியின் ஜோஸ் எடுத்தான். "ப்ளாங்க் எடுக்கில்ல சேச்சி. ஏதெங்கிலும் ஒரு டேட் இட்டு கேற்று" என்றான். ஏதாவது ஒரு தேதி போட்டு ஏற்று என்கிறான், அவ்வளவுதான். மறுநாள் பெரிய கம்பெனிக்காரர்கள் வந்து பார்ப்பதாக இருந்தது. கணக்கு வருஷத்தின் கடைசி நாளைப் போட்டு, மவுஸை அழுத்திக் கீழே இழுத்தேன். இருநூற்றுப் பன்னிரண்டு கட்டமும் ஒரே இழுப்பில் நிரம்பின. செய்தவர் யார் என்றும் கேட்டது. கருப்புசாமி என்று அதற்கும் ஒரு இழுப்பு. பிறகு டீ குடிக்கப் போனேன்.

மறுநாள் ஷெட்டில் மாட்டியிருந்த பெரிய டிவியில் எல்லா மிஷினும் பச்சை. வேலை பாக்கி இருந்தால் சிவப்பு வரும், இனிமேல் டிவியைப் பார்த்தால் போதும், நோட்டெல்லாம் பழைய பேப்பருக்கு என்று ஹரிநாராயணன் சார் எல்லோரையும் கூட்டி வைத்துச் சொன்னார். கருப்புசாமியண்ணனும் கை தட்டினார்.

விபத்து நடந்த அன்று மதியமே, ஏற்றுவதற்காக வாங்கித் திருப்பிக் கொடுக்காமல் வைத்திருந்த நோட்டை நான் எடுத்துப் பார்த்தேன். மார்ச் பதினாலாம் தேதி அவர் கையெழுத்தில் 'நாலாம் நம்பர், கண்ணு வயர் லூஸ், மிஷினை நிறுத்தி அவிழ்க்கணும்' என்று இருந்தது. தேதிக் கட்டம் காலி. மாதக் கடைசியில் கம்பெனியை மூன்று நாள் நிறுத்தி வேலை பார்த்தபோது பதினாலு மிஷின்களை முடித்திருக்கிறார். நாலாம் நம்பர் அதில் இல்லை. நேரம் போதவில்லை போலிருக்கிறது. பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு நின்றேன். அழுகைகூட வரவில்லை. மாட்டிக்கொள்வோமா என்பதுதான் முதலில் வந்தது. ராக்கப்பன் அதற்குப் பிறகுதான் நினைவுக்கு வந்தார். இதை யாரிடமும் சொன்னதில்லை.

திங்கட்கிழமை தொழிற்சாலை ஆய்வு அதிகாரி வந்து மொழி எடுப்பார் என்று கடிதம் வந்தது. வாக்குமூலத்துக்கு இங்கே மொழி என்றுதான் சொல்வோம். அந்தக் கடிதம் வந்த பிறகு கருப்புசாமியண்ணனுக்கு ஒவ்வொன்றாக ஞாபகம் வர ஆரம்பித்தது. முதல்நாள், "பண்ணியிருப்பேனாட்டத்தானுங் இருக்குது" என்றார். அடுத்த நாள் வந்து, "அன்னைக்கு மத்தியானம் கரண்டு போச்சுங்களே அம்மிணி, அப்ப நாலாம் நம்பர் முன்னால நின்னுட்டிருந்தனுங்" என்றார். வெள்ளிக்கிழமை, டார்ச் பிடித்துக்கொண்டு வேலை பார்த்ததாகவும், வெளிச்சம் பத்தாமல் எங்கேயோ பிசகிவிட்டதாகவும் சொன்னார். முப்பத்தொரு வருஷம் தன் கையெழுத்தை நம்பிய மனிதர், இப்போது நான் இழுத்த ஒரு தேதியை நம்பி நடக்காத மத்தியானம் ஒன்றை உண்டாக்கிக்கொண்டிருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோனார்.

எனக்குத் தாங்கவில்லை. சனிக்கிழமை நோட்டை எடுத்துக்கொண்டு ஹரிநாராயணன் சாரின் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கெட்டவர் இல்லை. ராக்கப்பனோடு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தவர். நான் சொல்லி முடிக்கும்வரை பேனா மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"எத்தனை வரி?"

"இருநூத்திப் பன்னண்டுங் சார்."

"ஒண்ணு பொய்னா இருநூத்திப் பன்னண்டும் பொய்யாக்கும். இதைப் பாத்துட்டுத்தான் அவா நமக்கு ஆர்டர் தந்திருக்கா. இங்க எண்பது பேர் இருக்கா, நர்மதா."

"கருப்புசாமியண்ணன் அவருதான் தப்புப் பண்ணிட்டாருன்னு நம்பறாருங் சார்."

"அவரே ஒத்துண்டா கவனக்குறைவுன்னு போயிடும். அவரை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன், அது என் பொறுப்பு. நீ சொன்னா என்ன ஆகும்னு கொஞ்சம் ஆலோசிச்சுப் பாரு. மத்த மிஷினெல்லாம் இன்னைக்கே ஒண்ணொண்ணா பரிசோதிக்கச் சொல்லிடறேன்." பிறகு கையை நீட்டினார். "அந்த நோட்டு?"

கொடுத்துவிட்டேன். பிடுங்கவில்லை, மிரட்டவில்லை. கேட்டார், கொடுத்தேன். அவர் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு மேசை டிராயரில் வைத்தார், பூட்டக்கூட இல்லை. எண்பது பேர், எண்பது பேர் என்று என் இடத்துக்கு வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தேன். எனக்கிருந்தது வெறும் பயம். எண்பது பேரை அதன்மேல் போர்த்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை ராக்கப்பனைப் பார்க்கப் போகிறேன், நீங்களும் வருகிறீர்களா என்று கருப்புசாமியண்ணன் கேட்டார். சரி என்றேன். வழியில் சொல்லிவிடலாம் என்று இருந்தேன். பாலக்காட்டில் பஸ் மாறி கொல்லங்கோடு பஸ்ஸில் ஏறினோம். முன்னும் பின்னுமாக உட்கார இடம் கிடைத்தது. அந்தத் தேதியை நான்தான் போட்டேன் அண்ணா. இவ்வளவுதான் சொல்ல வேண்டியது, வாய்க்குள் ஐம்பது தடவை சொல்லிப் பார்த்தேன். புதுநகரம் தாண்டியதும் "அண்ணா" என்று கூப்பிட்டும் விட்டேன்.

"என்னுங் அம்மிணி?" என்று திரும்பினார்.

"சாரல் அடிக்குது. சன்னலச் சாத்திக்குங்க."

சாத்திக்கொண்டார்.

ராக்கப்பனின் வீடு வயலை ஒட்டி இருந்தது. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வலது கை முழங்கைவரை கட்டோடு தலையணைமேல் இருந்தது. அவர் மனைவி நாச்சம்மாள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைத் துடைத்துப் போட்டுவிட்டு டீ வைக்க உள்ளே போனார். வாங்கி வந்த ஆரஞ்சுப் பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டேன். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசினோம். பிறகு கருப்புசாமியண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து நின்றார்.

"ராக்கப்பா, என்னாலதாம்பா உனக்கு இப்படி ஆயிப்போச்சு. கண்ணு வயர நான் சரியாப் பாக்கல."

ராக்கப்பன் அவரை நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் கோபம் தெரியவில்லை. இத்தனை நாளும் படுத்துக்கொண்டு இதையேதான் யோசித்திருப்பார் போலிருக்கிறது.

"உக்காருங்ணா. மார்ச்சு மாசம் நீங்கதானுங்க சொன்னீங்க, கண்ணு சரியில்ல, நிறுத்தி அவுக்கோணும், அதுவரைக்கும் கைய உள்ள உடாதேன்னு. நானும் பதினஞ்சு நாளு தகட்டக் கம்பியில தள்ளித் தள்ளித்தான் ஓட்டுனே. பொறவு டிவியில பச்சை காட்டுச்சுங்க. அண்ணன் சரி பண்ணிட்டாருன்னு கைய உட்டுட்டே." மூச்சு வாங்கிக்கொண்டார். "எனக்கு ஒண்ணே ஒண்ணு தெரிஞ்சாப் போதுமுங்ணா. நீங்க அத அவுத்தீங்களா?"

"அவுத்தேம்பா."

"நெசமாலுங்களா?"

"அவுத்தேன். கம்ப்யூட்டர்லயே இருக்குது."

ராக்கப்பன் என் பக்கம் திரும்பினார். நாச்சம்மாள் டீயோடு வாசற்படியில் நின்றுவிட்டார். கருப்புசாமியண்ணனும் என்னைத்தான் பார்த்தார். அவருக்கு என்ன பதில் வேண்டியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இல்லை என்று நான் சொல்லிவிட மாட்டேனா என்றுதான் பார்த்தார் என்று சில நேரம் தோன்றும்.

"ஏனுங் அம்மிணி, நீங்க சொல்லுங்க. அண்ணன் அவுத்தாருங்களா?"

மடியிலிருந்த ஆரஞ்சுப் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"சிஸ்டத்துல அப்படித்தானுங்க இருக்குது" என்றேன்.

ராக்கப்பன் மெதுவாகத் தலையாட்டினார். "அப்பச் செரீங்க. அண்ணன் அவுக்காமயே உட்டுட்டாரோன்னுதான் மனசு கெடந்து அடிச்சுக்கிச்சு. பண்ணி, தவறிப்போச்சுன்னா என்ன பண்றது" என்றார். நாச்சம்மாள் டீயைக் கொண்டுவந்து கொடுத்தார். நான் வாங்கிக் குடித்தேன். சர்க்கரை கூடுதலாக இருந்தது.

கருப்புசாமியண்ணன் டீயைத் தொடவில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் குந்தி உட்கார்ந்து, எங்கே பிசகியது என்று ராக்கப்பனுக்கு விளக்க ஆரம்பித்தார். இதா, இந்த மூடிய இப்படிக் கழட்டுனே. டார்ச்ச இடுக்குல சொருகிக்கிட்டே. வயர ரண்டு விரல்ல புடிச்சு இப்படி முறுக்கி, ஸ்க்ரூவ இப்படித் திருப்புனே. இன்னும் அரைச் சுத்து திருப்பியிருக்கோணும். அவருடைய பத்து விரல்களும் காற்றில் மூடியைக் கழற்றின, வயரைப் பிடித்தன, முறுக்கின. ராக்கப்பன் கொஞ்சம் முன்னால் சாய்ந்து அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.