கல்யாணக் குதிரை

பங்காருப்பேட்டைக் கல்யாண ஊர்வலம் ஒன்றில்தான் லவினா அந்தப் பெண்குதிரையைப் பார்த்தாள். பேண்டு சத்தம் காதைப் பிளந்தது. காலடியிலேயே சரவெடி வெடித்தது. குதிரை அசையவில்லை. நடக்க முடியாத குழந்தைகளைக் குதிரைமேல் உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் அவள். பெங்களூரில் ரேஸை விட்டு ஓய்ந்த குதிரைகள் பலவற்றைப் போய்ப் பார்த்திருந்தாள். குடையை விரித்தாலே மிரண்டன. இதுவோ சிலை மாதிரி நின்றது.

அதை விலைக்கு வாங்கி, ஸ்டெல்லா என்று பெயர் வைத்து, தன் ஊரான பாலகாட்டில் சர்ச்சுக்குப் பின்னாலிருந்த மைதானத்துக்குக் கொண்டுவந்தாள். லாடம் மாற்றினாள். முதுகுப் புண் ஆறும்வரை சேணம் வைக்கவில்லை.

முதலில் ஏறியவள் அக்ஷயா. பிறவியிலேயே அவள் கால்கள் விறைத்துப் பின்னிக்கொள்ளும். குதிரையின் நடைக்கு இடுப்பு அசைய அசைய, அவை மெல்ல இளகின. மழைக்காலம் முடிவதற்குள் ஒரு நாள் கைப்பிடியை விட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். ராபர்ட்சன்பேட்டையில் துணிக்கடை நடத்தும் அவள் அம்மா வள்ளி, அன்று மகளைப் பார்த்துக்கொண்டே நின்றாள்; கடை திறக்கவே போகவில்லை.

கொள்ளும் பசும்புல்லும் தின்று ஸ்டெல்லாவின் ரோமம் மினுமினுத்தது. காதுகள் அசையத் தொடங்கின. காக்கை பறந்தால் திரும்பிப் பார்த்தது. ஆட்டோ ஹாரனுக்கு உடம்பு சிலிர்த்தது. உற்சாகம் வந்துவிட்டது என்று லவினா மகிழ்ந்தாள். கால்நடை மருத்துவர் இந்துவுக்கு மட்டும் அது பிடிக்கவில்லை. சில வாரங்கள் யாரையும் ஏற்றாமல் பார்க்கலாம் என்றார். காத்திருந்த குழந்தைகளை நினைத்து லவினா அதைத் தட்டிக்கழித்தாள்.

டிசம்பரில் பக்கத்துத் தெருவில் யாரோ பட்டாசு கொளுத்தினார்கள். ஸ்டெல்லா பக்கவாட்டில் பாய்ந்தது. இருபுறமும் துணைக்கு நடந்தவர்கள் தாங்குவதற்குள் அக்ஷயா விழுந்தாள். ஹெல்மெட் தலையைக் காப்பாற்றியது. கை முறிந்தது.

"அது எப்பவுமே சாந்தமா இருந்ததில்ல, லவினா," என்றார் இந்து. "அடி வாங்கி வாங்கி மரத்துப்போயி நின்னுச்சு. நீங்க நல்லா பாத்துக்கிட்டீங்க, அதுக்கு உசிரு வந்துச்சு. பயமும் கூடவே வந்துச்சு."

வள்ளி ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது லவினாவுக்கு. அக்ஷயாவுக்குக் கட்டுப் பிரித்த அன்று வள்ளி கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"ஸ்டெல்லா எங்கன்னு கேட்டுக்கினே இருக்கா மேடம். இன்னா சொல்லட்டும்?"

ஸ்டெல்லா அதற்குள் பூதிகோட்டையில் ஒரு தோட்டத்துக்குப் போயிருந்தது. பதிலுக்கு வந்த வயதான மட்டக்குதிரையைப் பல மாதம் பழக்கிய பிறகே லவினா குழந்தைகளை ஏற்றினாள். அக்ஷயா ஏற மாட்டேன் என்று அழுதாள். அவள் கால்கள் பழையபடி விறைக்க ஆரம்பித்திருந்தன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து லவினா பூதிகோட்டைக்குப் போனாள். கேழ்வரகு அறுத்த வயலில் ஸ்டெல்லா பிடரி பறக்க ஓடிக்கொண்டிருந்தது. அது ஓடி அவள் பார்த்ததே இல்லை. வெல்லத்தை நீட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். குதிரை நின்று பார்த்தது. பிறகு வயலின் அந்தக் கோடிக்கு விலகிப் போனது.

இந்து கேட்ட அந்தச் சில வாரங்களைக் கொடுத்திருக்கலாம் என்று நினைத்தபடி, வெயில் ஏறும்வரை அவள் வேலியோரம் நின்றிருந்தாள்.