அப்துல் அஹதின் உப்பு டீ

ப்ளக் எங்கே என்று ஐஸ் பெட்டிக்காரன் கேட்டதற்கு யாரும் அசையாததால், ஜெய்புன்னிசாவே நாற்காலியில் ஏறி டி.வி. வயரைப் பிடுங்கினாள். பெட்டி ஒருமுறை செருமிக்கொண்டு உறும ஆரம்பித்தது. உள்ளே அவள் புருஷன் அப்துல் அஹத், மூக்கில் பஞ்சோடு, வாழ்க்கையில் முதல் தடவையாக எதிர்த்துப் பேசாமல் படுத்திருந்தார்.

"இம்மாம் வருசமா குளுரு குளுருன்னு பெருமை பேசிகினு இருந்தாரே, இன்னிக்கு வந்துச்சு பாரு குளுரு," என்றாள் பக்கத்துக் கடைச் செங்கம்மாள். சொல்லிவிட்டு முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

பெருமை என்றால் சாதாரணப் பெருமையா! அஞ்சு ரதம் போகிற வழியில் அவருடைய சால்வைக் கடையில் ஒரு நிமிஷம் நின்றால் போதும், காஷ்மீரையே சுருட்டி உங்கள் கையில் கொடுத்துவிடுவார். அவர் ஊர் ஏரிக்கு முன்னால் நம் வங்காள விரிகுடா ஒரு குட்டை. அவர் வீட்டு ஆப்பிள் ஒன்றை உருட்டிவிட்டால் ஆட்டோ நசுங்கும். மார்கழி பிறந்ததும் முழங்காலுக்குக் கீழே தொங்கும் கம்பளி அங்கியைப் போட்டுக்கொண்டு, அதற்குள் கங்குச் சட்டியையும் வைத்துக்கொண்டு கடையில் உட்காருவார். வெளியே வெள்ளைக்காரர்கள் அரை டவுசரோடு வெந்துகொண்டிருப்பார்கள். அவர் தாடி நுனியில் வியர்வை சொட்டும். "பனி உருகுது," என்பார்.

டீயும் அப்படித்தான். பாலும் சோடா உப்பும் போட்டு, ரோஸ் நிறம் வருகிறவரை மணிக்கணக்காகக் கொதிக்கவைத்து, சர்க்கரை இருக்கவேண்டிய இடத்தில் உப்பு. திருக்கழுக்குன்றத்து மளிகைக்கடைக்காரர் மகளான ஜெய்புன்னிசா, கல்யாணமான புதிதில் அதைக் குடித்துவிட்டுக் கொல்லைக்கு ஓடியவள். அப்புறம் அவருக்கு ஒரு அடுப்பு, தனக்கு ஒரு அடுப்பு என்று ஆகிவிட்டது. இதயம் வீங்கியிருக்கிறது, உப்பைத் தொடக்கூடாது என்று டாக்டர் சொன்னபோதுகூட, "உப்பு இல்லாத டீ குடிச்சு உசிரோட இருந்தா, அது யாரோட உசிரு?" என்று டாக்டரையே கேட்டவர் அப்துல் அஹத்.

அவர் படுக்கையில் விழுந்த இந்த மூன்று மாதமும் அவள் படுத்துத் தூங்கவில்லை. கட்டில் ஓரமாக உட்கார்ந்தபடியே கண்ணசந்தாள். இப்போது உடம்பில் ஒவ்வொரு எலும்பும் தனித்தனியாகத் தூக்கம் கேட்டது.

வாசலில் கார் நின்றது. அப்துல் அஹதின் தம்பி முஷ்தாக், பாண்டிச்சேரியில் சால்வைக் கடை வைத்திருப்பவர், செருப்பைக்கூட ஒழுங்காகக் கழற்றாமல் உள்ளே வந்து பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் போனில் யார் யாரோடோ பேசிவிட்டு அண்ணியிடம் வந்தார்.

"பாபி, எல்லாம் பேசிட்டேன். உடம்பு கெடாம ஊசி போட்டுருவாங்க. ராத்திரி ஃப்ளைட். நாளைக்கு ஊர்ல அண்ணனுங்க எல்லாம் காத்துகிட்டு இருப்பாங்க."

ஜெய்புன்னிசா கொல்லைப் பக்கம் பார்த்தாள். கொல்லைக் கதவு திறந்திருந்தது. அதன் வழியே கபர்ஸ்தான் சுவரும், சுவருக்கு மேலே ஒரு சவுக்கு மரத்தின் தலையும் தெரிந்தன.

பள்ளிவாசல் வேலைகளைப் பார்க்கும் ரஹ்மத்துல்லா எட்டிப் பார்த்தார். "யக்கா, குழி வெட்றவன் மம்முட்டியோட குந்திகினு கீறான். அசர் தொழுகைக்கு எடுக்கணும்னா இப்பவே வெட்டணும். வெட்றதா, வாணாமா?"

"வேணாம் பாய். எங்க அம்மா கபர் பக்கத்துல இடம் இருக்கு," என்றார் முஷ்தாக். "பாய்ஜான் எப்பவும் சொல்வார். அம்மா கால்மாட்டுல படுக்கணும்னு. சொன்னாரா இல்லையா, பாபி?"

"சொன்னாரு."

சொல்லாமலா? பெருநாள், கல்யாணம், கரண்ட் போன சாயங்காலம், எல்லாவற்றுக்கும் அதைத்தான் சொன்னார்.

படூரிலிருந்து வந்திருந்த மகள் ஹாதியா அம்மாவின் தோளைத் தொட்டாள். "அத்தா ஆசப்பட்டதுதானம்மா செய்யணும்? நீ இன்னா ஒண்ணியும் பேசாம கீற?"

ஜெய்புன்னிசா அந்த ஊருக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறாள். போன நாளிலிருந்து திரும்பிய நாள்வரை மூக்கு எங்கே இருக்கிறதென்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இனி யார் கூட்டிப் போவார்கள்? பாஷை தெரியாத ஊரில், பனிக்குக் கீழே, எது அவர் கபர் மேடு என்று யாரிடம் கேட்பாள்?

"காலையில சக்கர கேட்டாரு," என்றாள்.

முஷ்தாக்குக்குப் புரியவில்லை. "என்ன?"

"டீக்கு. சக்கர போடுன்னாரு."

அழுத முகத்தோடு முஷ்தாக் சிரித்தேவிட்டார். சிரிக்காமல் என்ன செய்வார்? பல வருஷத்துக்கு முன்னால், பாண்டிச்சேரி வீட்டில் முஷ்தாக்கின் பெண்டாட்டி தெரியாமல் சர்க்கரை டீயை நீட்டியதற்காக, வாயில்கூட வைக்காமல் எழுந்து வந்த அண்ணன் அவர். அந்தக் கோபத்தில் கடலூருக்குப் போவதென்றால்கூடப் பாண்டிச்சேரியை மிதிக்காமல் விழுப்புரம் சுற்றிப் போனார். 'சர்க்கரை போட்டவன் ஊரை விட்டவன்' என்று தம்பிக்கு ஆள் மூலம் சொல்லி அனுப்பினார்.

"பாய்ஜானா? சக்கரையா? பொய் சொல்லாதீங்க பாபி. அவர் இங்கயே இருக்கணும்னு நீங்க நெனைக்கிறீங்க. அத சொல்லுங்க, புரிஞ்சுக்குவேன்."

சத்தியம் பண்ணலாம். குர்ஆனை எடுத்து வரச் சொல்லலாம். அவளுக்கு அதற்குக்கூடத் தெம்பில்லை. காலையில் நடந்ததை நினைத்தால் அவளுக்கே நம்பிக்கை வரவில்லை. வழக்கமான ரோஸ் டீயைக் கொண்டுபோனாள். அவர் கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "ஜெய்பு, சக்கர போடேன்." புத்தி பேதலிக்கிறது என்று பயந்துபோய், தன் டீயையே அந்தக் கோப்பையில் மாற்றி ஊற்றி, மேலே ஒரு ஸ்பூன் சர்க்கரையும் போட்டாள். பாதி குடித்தார். திருட்டு மாங்காய் தின்ற பிள்ளை மாதிரி வெட்கப்பட்டார்.

"இத்தினி வருசமா இத்த நீ ஒண்டியாவா குடிச்சினு இருந்த?"

அப்படியே அவள் பாஷையில், அவள் அத்தா கடையில் பொட்டலம் கட்டுகிறவன் பேசுகிற மாதிரி. பிறகு கோப்பையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஜெய்புன்னிசா கட்டில் பக்கம் கையைக் காட்டினாள்.

முஷ்தாக் குனிந்து பார்த்தார். பூப் போட்ட அந்தக் கோப்பை அவர்கள் அம்மா கொடுத்தனுப்பியது. இத்தனை வருஷத்தில் அதன் பக்கம் ஒரு எறும்பு எட்டிப் பார்த்ததில்லை. இன்றைக்கு மாமல்லபுரத்து எறும்புகள் அத்தனையும், குடும்பத்தோடு, பந்திக்குக் கூப்பிட்ட மாதிரி வந்திருந்தன. நிலைப்படியிலிருந்து கோப்பை விளிம்புவரை ஒரே வரிசை.

அவர் எழுந்திருக்கவில்லை. தரையில் அப்படியே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஹாதியா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். செங்கம்மாள் அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

போன் அடித்தது. முஷ்தாக் எடுத்துத் தங்கள் பாஷையில் பேசினார். அந்தப் பக்கம் குரல்கள் உயர்ந்தன, ஒன்றின் மேல் ஒன்று ஏறின. இவர் தாழ்ந்த குரலில் ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிவிட்டு போனை அணைத்தார்.

"வெட்டச் சொல்லுங்க பாய்."

ரஹ்மத்துல்லா ஓடினார்.

அப்புறம் எல்லாம் வேகமாக நடந்தது. குளிப்பாட்டினார்கள், கஃபன் துணி சுற்றினார்கள், சந்தூக்கில் வைத்துத் தூக்கினார்கள். சந்தூக்கு வாசலைத் தாண்டியபோது ஹாதியா கத்தினாள். ஜெய்புன்னிசா கொல்லைக் கதவருகே போய் நின்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் மம்முட்டி மணலை வாரித் தள்ளும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

ஐஸ் பெட்டிக்காரன் வந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனான். சாயங்காலம் ஹாதியா வீட்டைப் பெருக்கியபடி கட்டிலுக்கு அடியில் கையை விட்டாள்.

"யம்மா, இன்னும் மொய்ச்சிகினு கீதும்மா. கழுவி வச்சுடட்டா?"

"வுடு. குடிச்சிட்டுப் போவட்டும்."

ஐஸ் பெட்டி இருந்த இடத்தில் தரை இன்னும் சில்லென்று ஈரமாக இருந்தது. ஜெய்புன்னிசா அங்கே ஒருக்களித்துப் படுத்து, கன்னத்தைத் தரையில் வைத்துக்கொண்டாள்.