ஊரில் மூன்று பேர்

என் அண்ணனுக்குக் கோபம் வந்தால் செருப்பைக் கழற்ற மறந்துவிடும். அந்த ஞாயிற்றுக்கிழமை செருப்போடு நடுவீடு வரை வந்து, கைபேசியை என் கணவரின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"இது யாரு மாப்ள?"

அண்ணனின் சலவைக்கடைக்கு யாரோ ஒற்றை நட்சத்திரம் கொடுத்து, கீழே எழுதியிருந்தார்கள். வெள்ளைச் சட்டை கொடுத்தால் நீலமாக வருகிறது. பொத்தான் போனால் போனதுதான். முதலாளியின் பேச்சில் இருக்கிற வெளுப்பு துணியில் இல்லை. மேலே எழுதியவரின் முழுப்பெயர்: என் கணவரின் பெயர், அதை ஒட்டி என் மாமனாரின் பெயர். ஓர் எழுத்து பிசகவில்லை.

எழுதியது என் கணவரேதான். பெயர் வெளியே தெரியாது என்று நினைத்திருக்கிறார், மகா புத்திசாலி. ஆனால் அவரை மட்டும் சொல்லி என்ன? அந்த வரிகள் என்னுடையவை. சட்டை நீலமாக வந்த அன்று சாப்பிடும்போது நான் பொரிந்து தள்ளியதை அப்படியே தட்டிப் போட்டிருந்தார். அந்த வெளுப்புக் கிண்டல் நானே சொல்லி நானே சிரித்தது.

"நம்ம பெரிய வாடிக்க, அந்த விடுதிக்காரன் இதக் காட்டி, அடுத்த மாசத்துலேருந்து போர்வை, துண்டு எதுவும் அனுப்ப மாட்டேங்கிறான்" என்றார் அண்ணன்.

என் கணவருக்குக் காப்பீட்டு அலுவலகத்தில் கணக்குப் போடுவதுதான் வேலை. செய்தித்தாளின் ஓரத்தை இழுத்து வைத்துக்கொண்டார்.

"ஒரே பேருல ஊருக்குள்ள எத்தன பேரு இருப்பாங்க மச்சான்? போட்டே பாத்துடலாம். எங்க ஆபீஸ்ல இருக்கற பேரையெல்லாம் வச்சுப் பாத்தா, ஆயிரம் ஆம்பளைங்கள்ல அஞ்சு பேருக்கு என் பேரு. எரநூறு பேருல ஒருத்தருக்கு எங்கப்பா பேருல அப்பா. ரெண்டையும் பெருக்கினா நாப்பதாயிரத்துக்கு ஒருத்தர். ஊருல ஆம்பளைங்க ஒரு லட்சத்து இருவதாயிரம். ஆக மூணு பேரு. நான் போக இன்னும் ரெண்டு பேரு."

பெருக்கல் குறியைப் பார்த்தாலே அண்ணனுக்குப் பயபக்தி. அப்போதுதான் காலைப் பார்த்தார், செருப்பைக் கழற்றினார். "உங்களப் போயி சந்தேகப்பட்டுட்டேனே மாப்ள" என்று என் கணவரின் கையைப் பிடித்துக்கொண்டார். நான் அவருக்குக் காப்பி கொண்டுவந்து வைத்தேன். நான் செய்தது அவ்வளவுதான்.

அண்ணன் போனதும், "அதை அழிச்சுத் தொலைங்க" என்றேன்.

"இப்ப அழிச்சா நான்தான்னு தெரிஞ்சுபோயிடும்."

அதிலும் நியாயம் இருந்தது. அதுதான் எரிச்சல்.

இரண்டு வாரம் கழித்து அண்ணி போன் செய்தாள். "ஆளு கெடச்சாச்சு. வேற யாரு, நம்ம நெட்டைதான்!"

நெட்டை என்பவர் கடையின் வேன் ஓட்டுநர். வீடு வீடாகத் துணி எடுத்து, திருப்பிக் கொடுப்பவர். உயரத்தை வைத்து யாரோ கூப்பிடப்போய், அவருக்கு வேறு பெயர் உண்டு என்பதே எங்களுக்கு மறந்துபோயிருந்தது. ஏதோ வேலையாக அவருடைய ஓட்டுநர் உரிமத்தை வாங்கிப் பார்த்திருக்கிறார் அண்ணன். அதே பெயர், அதே அப்பா பெயர்.

"சம்பளம் ஏத்திக் கேட்டான், இவரு முடியாதுன்னுட்டாரு. அந்த ஆத்திரம். கேட்டா நான் இல்லவே இல்லைன்னு அழறான். வெளிய அனுப்பிட்டாரு."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அப்பா அம்மா போன பிறகு எனக்குப் பிறந்த வீடு என்றால் அண்ணன்தான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் எனக்குப் போக்கிடம் ஏது? "அப்படியா அண்ணி" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. தெருவில் வேன் சத்தம் கேட்டாலே உள்ளே போய்விடுவேன்.

மூன்றாம் நாள் சாயங்காலம் நெட்டையே வந்துவிட்டார். நிலைப்படியில் தலை இடிக்காமல் குனிந்து நின்றார். எங்கள் விஷயம் அவருக்குத் தெரிந்துவிட்டது, சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன்.

"சார், நீங்கதான் கணக்குப் போட்டு மூணு பேருன்னு சொன்னீங்களாம். கொஞ்சம் கூட்டிச் சொல்லக் கூடாதா சார்? ஒரு பத்து பேருன்னாக்கூடப் போதும். நீங்க சொன்னா மொதலாளி கேப்பாரு."

என் கணவரின் முகத்தில் ஈயாடவில்லை. பேனாவைத் தேடி எடுத்தார். நிஜமாகவே உட்கார்ந்து போட்டார்.

"பழைய கணக்குல தப்பு இருக்கு" என்றார் மெதுவாக. "எங்கப்பா பேரு மாதிரி பேரு வைக்கிற குடும்பத்துலதான் என் பேரு மாதிரி பேரும் வைக்கிறாங்க. ரெண்டும் சேந்தே வருது. தனித்தனியா எடுத்துப் பெருக்கியிருக்கக் கூடாது. பத்து பேரு வரைக்கும் இருக்கலாம்."

நெட்டையின் முகம் மலர்ந்ததைப் பார்க்க முடியாமல் நான் சுவரைப் பார்த்தேன். என் கணவர் அண்ணனுக்குப் போன் போட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தார். பொறுமையாக விளக்கினார்.

"இருக்கட்டும் மாப்ள" என்றார் அண்ணன். "பத்து பேருன்னே வச்சுக்குவோம். அதுல எத்தன பேரு என் கடையில வேல பாக்கறான்?"

என் கணவர் பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். நான் போனைப் பிடுங்கினேன்.

"அண்ணே, பத்தும் இல்ல, மூணும் இல்ல. எழுதுனது உங்க மாப்ளதான். அதுல இருக்கறது பூரா நான் சொன்னது."

தீர்ந்தது, இனி அந்த வீட்டு வாசலை மிதிக்க முடியாது என்று நினைத்தேன். அப்புறம் அந்தப் பக்கம் ஒரு சிரிப்புக் கேட்டது.

"நீயா? அதான பாத்தேன், நெட்டைக்கு ஏது இவ்வளவு நக்கல்! சட்டை நீலமானா எங்கிட்ட சொல்ல வேண்டியதுதான கழுத. சரி விடு, வீட்டு ஆளுங்கதான. மொதல்ல அழிக்கச் சொல்லு. விடுதிக்காரன நான் பாத்துக்கறேன். நெட்டைய நாளைக்கு வண்டி எடுக்கச் சொல்லிடு."

"அவரு இங்கதான் நிக்கிறாரு. நீங்களே ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணே."

"அவங்கிட்ட நான் என்னத்தச் சொல்றது? நீயே சொல்லிடு." வைத்துவிட்டார்.

எதை இழந்துவிடுவேன் என்று பயந்து வாயை மூடிக்கொண்டிருந்தேனோ, அது என்னைவிட்டுப் போகவே இல்லை. அண்ணன் ஒரு மூச்சில் மன்னித்துவிட்டார். அதே குற்றத்துக்கு நெட்டை அழுததைக் காதில் வாங்கவே இல்லை. எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

"எங்களத் திட்டிட்டாவது போங்க" என்றேன். என் கணவர் எழுந்து நின்றார், தலை நிமிரவில்லை.

"ஐயோ, எதுக்கும்மா? உண்மையச் சொன்னீங்களே, அதுவே பெரிசு." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நாளைக்கு எத்தன மணிக்கு வரணும்னு சொன்னாரா?"

"வழக்கமான நேரம்தான்" என்றேன்.

குனிந்து வெளியே போனவர், சைக்கிள் பூட்டைத் திறந்தபடி, மனசு லேசாகிவிட்ட குரலில் சொன்னார்:

"சீக்கிரம் போயி வீட்ல சொல்லணும்மா. மூணே பேருன்னா அது நீதான்யான்னு சொல்லி, எம் பொண்டாட்டி எங்கிட்டப் பேசறதே இல்ல."