தொப்பி இல்லாமல் ஒரு படம்

என் மனைவி சுசீலா ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தாள். மகள் யாரிடமும் படம் எடுக்கட்டும், எப்படியும் எடுக்கட்டும். ஆனால் ஒரு படம் இக்காஸ்டில் இருக்கிற தேவராசாவிடம் எடுக்க வேண்டும். அந்தப் படத்தில் தலையில் தொப்பி இருக்கக்கூடாது.

இந்த நாட்டில் கிம்னேசியம் என்கிற மேல்நிலைப் பள்ளியைப் படித்து முடிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வெள்ளைத் தொப்பி உண்டு. கடைசி வாய்மொழிப் பரீட்சை முடிந்து பிள்ளை கதவைத் திறந்துகொண்டு வெளியே வரும்போது, காத்து நிற்கிற வீட்டார் அதைத் தலையில் வைத்துவிடுவார்கள். பிறகு இரண்டு கிழமைக்கு அது தலையை விட்டு இறங்காது. அந்தக் கோலத்தில் ஒரு படம் எடுத்து, பெருப்பித்து, வரவேற்பறையில் மாட்டுவார்கள். நாங்கள் இருக்கிற ரண்டர்ஸில், போய் வருகிற எல்லா வீடுகளிலும் அப்படி ஒரு படம் உண்டு. எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது.

அபிதாவுக்கு இந்த ஜூனோடு படிப்பு முடிகிறது. படம் எடுக்கிறவரைத் தேடுவதற்கு அவள் பரீட்சைக்குப் படித்த நேரத்தில் பாதியைச் செலவழித்திருப்பாள். ஒருவர் எல்லோரையும் சாம்பல் சுவருக்கு முன்னால் நிறுத்துகிறாராம். இன்னொருவர் பிள்ளைகளைத் துள்ளச் சொல்லித் தொப்பியை எறியவைக்கிறாராம். கடைசியில் ஆற்றங்கரையில் படம் எடுக்கிற ஒரு டேனிஷ் பெண்ணைத் தெரிவு செய்தாள்.

"அந்த மனிசி சிரிக்கச் சொல்லாதாம் அப்பா. காத்துக்கொண்டு நிக்குமாம்."

எனக்கு அது பிடித்திருந்தது.

சுசீலா நிபந்தனையைச் சொன்ன அன்று அபிதா சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"தொப்பி இல்லாம எடுத்தா அது என்ன படம் அம்மா? பாஸ்போட்டுக்கோ?"

"எடுத்தா என்ன, தேஞ்சா போவாய்?"

"ஆருக்குக் காட்டப்போறீங்கள்? மாப்பிள்ளை வீட்டுக்கோ?"

"ஓம், பத்துப்பேர் வாசல்ல வரிசையில நிக்கினம். போய்ப் பார்."

அபிதா சிரித்தாள். நானும் சிரித்தேன். அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று இருந்தது. காரணம் எனக்குத் தெரியும். அது அவளுக்குத் தெரியக்கூடாது என்பதைத் தவிர அந்த மாதம் முழுவதும் நான் வேறொன்றையும் விரும்பவில்லை.

ஆறு வருடங்களுக்கு முன், ஒரு ஜனவரியில், எங்கள் மூத்த மகன் கபிலன் ஓகூஸிலிருந்து வீட்டுக்கு வரும் வழியில் இறந்துபோனான். தெருவில் கண்ணுக்குத் தெரியாத பனி. காரை ஓட்டியது அவனுடைய நண்பன். அபிதாவுக்கு அப்போது பதின்மூன்று வயது.

மறுநாளே மரண அறிவித்தலுக்குப் படம் கேட்டார்கள். கபிலனின் கைபேசி காரோடு நொறுங்கிவிட்டது. எங்களிடம் இருந்த படங்களில் அவன் நாக்கை நீட்டிக்கொண்டிருந்தான், அல்லது கையால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தான். நேராகப் பார்க்கும் முகம் ஒன்றே ஒன்றில்தான் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன் தேவராசா எடுத்த, வெள்ளைத் தொப்பி போட்ட படம். கிழமை நாட்களில் தேவராசா தொழிற்சாலையில் வேலை செய்கிறார். சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கலியாணங்களுக்குப் படம் பிடிப்பார். அறிவித்தல்களையும் அவர்தான் செய்து கொடுப்பார்.

சுசீலாவின் தமையன் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "தொப்பியில சிலுவை கிடக்கு. இதுக்கு எப்பிடி மாலை போடுறது?" என்று கேட்டார். அது இந்த நாட்டுக் கொடியில் இருக்கிற சிலுவை. அதை விளக்கிச் சொல்ல அன்று எவருக்கும் தெம்பு இருக்கவில்லை. சற்று நேரத்தில் தேவராசா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"அண்ணை, தொப்பியை எடுத்துவிடட்டோ? வடிவாச் செய்து தாறன்."

நான் ஓம் என்றேன். தொப்பியை எடுத்தால் அங்கே என்ன இருக்கும் என்று யோசிக்கவில்லை. படத்தில் தொப்பிக்கு அடியில் எதுவும் இருப்பதில்லை.

வந்த படத்தில் முகம் என் மகனுடையது. தலைமயிர் அவனுடையது அல்ல. கபிலன் தலையை ஒட்ட வெட்டுகிறவன். முன்னால் இரட்டைச் சுழி. எண்ணெய் வைத்தாலும் படியாது. படத்தில் இருந்ததோ அடர்த்தியான, அலை அலையான மயிர், வலது புருவத்தின் மேல் ஒரு கற்றை சரிந்து கிடந்தது. இறுதிச்சடங்கு மண்டபத்தில் சுசீலா அதைப் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. ஆறு வருடங்களாகச் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் சாமியறையில் அந்தப் படத்துக்குப் பூ வைத்து விளக்கேற்றும்போது அவளுடைய பார்வை கண்கள் வரை போய் நின்றுவிடும். அதற்கு மேலே ஏறாது. எனக்கோ அந்த அறையைத் தாண்டும்போதெல்லாம் வீட்டில் இன்னொருவன் இருப்பதுபோல ஓர் எண்ணம். என் மகனைப்போலவே அவனுக்கும் வயது ஏறுவதில்லை. யார் என்று தெரியாத ஒருவனோடு குடியிருக்கிறோம்.

இந்தப் பங்குனியில், நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தபோது, சுசீலா திடீரென்று சொன்னாள்: "இவளுக்கும் வேற ஆற்றையோ மயிரைத்தான் வைப்பாங்கள்."

எனக்குக் கை நின்றுவிட்டது.

"ஒரு படம் தொப்பி இல்லாம எடுத்து அந்தத் தேவராசாட்டயே இருக்கட்டும். பிறகு ஒருத்தரும் ஒண்டையும் ஒட்டவேண்டி வராது."

நான் அவளை ஏசியிருக்க வேண்டும். கத்தியைக் கழுவி இருந்த இடத்தில் வைத்தேன்.

*

அபிதா அரைமனதோடு சம்மதித்தாள். "பார்க்க மட்டும்தான் வாறன். அவரின்ர படங்கள் பிடிச்சாத்தான் இருப்பன்."

கடைசிப் பரீட்சை முடிந்து மூன்றாம் நாள், சனிக்கிழமை, இக்காஸ்டுக்குப் போனோம். ஓகூஸ் நெடுஞ்சாலையில் போகாமல் விபோர்க் பக்கமாகச் சுற்றிப் போனோம். ஆறு வருடங்களாக அப்படித்தான் போகிறோம். ஏன் என்று யாரும் கேட்பதில்லை. அபிதா பின் இருக்கையில் தொப்பியோடு இருந்தாள். வழியில் எதிர்ப்பட்ட லொறிக்காரர் ஒருவர் அதைக் கண்டு ஹோர்ன் அடித்து வாழ்த்தினார். அவள் கையசைத்தாள். சுசீலா கண்ணை மூடிக்கொண்டாள்.

தேவராசா வீட்டின் நிலவறையைத்தான் ஸ்டூடியோவாக வைத்திருக்கிறார். சாம்பல் திரை, இரண்டு விளக்குகள், ஒரு முக்காலி, கணினி. தலைக்கு மேலே யாரோ சலவை இயந்திரத்தைப் போட்டிருந்தார்கள்.

"வாங்கோ அக்கா, வாங்கோ அண்ணை. ஆ, இவதான் எங்கட ஸ்டூடென்டோ! தொப்பி வடிவா இருக்கு. உள்ளுக்க சிநேகிதர் எல்லாம் எழுதிப்போட்டினமோ? அப்பாவுக்குக் காட்டாதையும்."

அபிதா முதல்முறையாக அவரைப் பார்த்துச் சிரித்தாள். அவர் தடித்த அல்பங்களைக் கொண்டுவந்து அடுக்கினார். எந்த மாதிரி வேண்டும் என்று பார்த்துச் சொல்லச் சொல்லிவிட்டு, விளக்குகளைச் சரிசெய்யப் போனார். அம்மாவும் மகளும் ஒட்டி இருந்து பக்கங்களைப் புரட்டினார்கள். பட்டுச் சேலைகள், மணவறைகள், ஒரு ஏரிக்கரையில் குடை பிடித்து நிற்கிற சோடிகள்.

"இது நல்லாத்தான் இருக்கு," என்றாள் அபிதா. "கண்ணுக்க வெளிச்சம் விழுற மாதிரி எடுத்திருக்கிறார்."

சுசீலா அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். அதற்குப் பிறகு திருப்பவில்லை.

ஒரு மாப்பிள்ளை. கோட்டும் கழுத்துப்பட்டியுமாக, சற்று இடது பக்கம் திரும்பியபடி இருந்தார். சுசீலா மெதுவாகக் கையை எடுத்து அவருடைய முகத்தின் மேல் வைத்தாள். விரல்களுக்கு மேலே தலைமயிர் மட்டும் தெரிந்தது. அலை அலையாக. வலது புருவத்தின் பக்கம் ஒரு கற்றை.

அபிதா மூச்சை இழுப்பது எனக்குக் கேட்டது. "அண்ணா," என்றாள். பிறகு டேனிஷில், "அது அண்ணாவின் தலை."

சுசீலா அல்பத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டாள். "தம்பி, இந்தப் பெடியன் ஆர்?"

தேவராசா எட்டிப் பார்த்தார். "உவரோ? ஹேர்னிங்காரர் அக்கா. ரெண்டு பொம்பிளைப்பிள்ளையள்."

"சுகமா இருக்கிறாரோ?"

"அவருக்கென்ன குறை? உடம்பு வைச்சிட்டார். மயிர்தான் முழுக்கக் கொட்டிப்போச்சுது. போன மாசம் ஒரு கலியாண வீட்டில கண்டனான், தலை சும்மா முட்டை மாதிரி!"

அவர் பலமாகச் சிரித்தார். எங்களில் ஒருவரும் சிரிக்காததைக் கண்டு, அல்பத்தின் மேல் இருந்த கையைப் பார்த்தார். அவருடைய முகம் மெல்ல மெல்ல மாறியது.

"அக்கா... எனக்கு ரெண்டு மணித்தியாலம்தான் தந்தவை. அதே வெளிச்சம், அதே பக்கம் திரும்பின தலை ஒண்டு வேணும். இவரின்ர படம்தான் சரியா வந்தது. நான் அண்ணையைக் கேட்டனான். அண்ணை ஓம் எண்டவர்."

சுசீலா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்காக ஆறு வருடங்கள் காத்திருந்திருக்கிறேன். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். அவள் என்னையும் கண்கள் வரைதான் பார்த்தாள்.

மேலே சலவை இயந்திரம் சுழன்றுகொண்டிருந்தது. அபிதா தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தாள். முக்காலியைப் பார்த்தாள். கமராவைப் பார்த்தாள். ஒவ்வொன்றாக அவளுக்கு விளங்கிக்கொண்டு வருவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து போய்விடலாம், காரை எடுக்கலாம், ஏதாவது பொய் சொல்லலாம். என்னால் எதையும் செய்ய முடியவில்லை.

"அம்மா," என்றாள். "தொப்பி இல்லாத படம் அதுக்கோ?"

சுசீலா அல்பத்தை மூடினாள்.

"எனக்கு ஏதும் நடந்தாப் போடுறதுக்கோ?"

"உனக்கு ஒண்டும் நடக்காது."

"நடந்தா?"

"நடந்தா," என்று சுசீலா சொன்னாள். "நீயாத்தான் இருக்கவேணும். அவனை நான் வேற ஆற்றையோ தலையோட அனுப்பினன். உன்னை அனுப்பமாட்டன்."

தேவராசா விளக்கை அணைக்கப் போனார். அபிதா கையைக் காட்டி நிறுத்தினாள். அவள் அழப்போகிறாள், அல்லது கத்தப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து, ஆசுபத்திரி வரவேற்பு மேசையில் இருப்பவள்போலப் பேசினாள்.

"சரி. நான் இருக்கிறன். ஆனா வரிசைப்படி. முதல் நீங்கள் ரெண்டுபேரும்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" என்றேன்.

"உங்களிட்டயும் ஒரு ஒழுங்கான படம் இல்லை அப்பா. அந்த நேரம் படம் தேடுறது நான்தானே? எனக்குத்தான் வேணும்."

சுசீலா மகளை நெடுநேரம் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பைச் சரிசெய்தாள். போய் முக்காலியில் இருந்தாள். ஏதோ பல காலமாகத் தள்ளிப்போட்ட வேலையைச் செய்கிறவள்போல முதுகை நிமிர்த்தினாள்.

"அக்கா, கொஞ்சம் சிரிச்சா வடிவு," என்றார் தேவராசா, மெதுவாக.

"என்னைக் கேக்காதையுங்கோ. பார்க்கப்போறவளைக் கேளுங்கோ."

அபிதா கமராவுக்குப் பின்னால் போய் நின்றாள். "சிரிக்கவேண்டாம். வழக்கமா இருக்கிற மாதிரி இருங்கோ."

"வழக்கமா எப்பிடி இருப்பன்?"

"என்னை ஏசப்போற மாதிரி."

சுசீலாவின் வாய் கோணியது. அந்தக் கணத்தில் தேவராசா அழுத்தினார்.

அடுத்தது நான். அபிதா வந்து என் சட்டைக் கழுத்தை இழுத்துவிட்டாள். கண்ணாடியைக் கழற்றச் சொன்னாள், பிறகு போடச் சொன்னாள். அவளுடைய விரல்கள் குளிர்ந்திருந்தன. இந்தப் படத்தை அவள் எடுத்துப் பார்க்கப்போகிற நாளில் நான் இருக்கமாட்டேன். அப்போது அவளுக்கு எத்தனை வயதாகியிருக்கும், பக்கத்தில் யார் நிற்பார்கள் என்று நினைத்துக்கொண்டு இருந்தேன். கமராவைப் பார்க்காமல் அவளையே பார்த்துவிட்டேன். தேவராசா இன்னொரு முறை எடுக்கவா என்று கேட்டார். "இதுவே காணும்," என்றாள் அபிதா.

பிறகு அவள் போய் முக்காலியில் இருந்தாள். தொப்பியை என்னிடம் தந்தாள். நெற்றியில் தொப்பி அழுத்திய சிவந்த கோடு இன்னும் இருந்தது. கட்டை மயிர்கள் இரண்டு பக்கமும் கிளம்பி நின்றன. இதற்காகவே எங்களை இக்காஸ்ட் வரை கூட்டிக்கொண்டு வந்த சுசீலா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அம்மா, இஞ்சால பாருங்கோ."

"நீ எடு."

"நீங்கள் பார்த்தாத்தான் எடுக்கவிடுவன்."

சுசீலா திரும்பினாள். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் தரையைப் பார்த்தேன். சத்தம் கேட்டது. ஒரேயொரு முறை.

தேவராசா படங்களைக் கணினிக்கு மாற்றினார். நாங்கள் மூவரும் அவருக்குப் பின்னால் இருந்தோம். அவர் தொண்டையைச் செருமினார்.

"அக்கா, இதை எதுக்குள்ள போட்டு வைக்கட்டும்? கலியாணம், பிறந்தநாள், ஸ்டூடென்ட் எண்டெல்லாம் வைச்சிருக்கிறன். மற்றது..." அவர் முடிக்கவில்லை. கையை மவுஸில் வைத்தபடி காத்திருந்தார்.

"புதுசா ஒண்டு திறவுங்கோ," என்றாள் அபிதா. "எங்கட பேரைப் போடுங்கோ. வேற ஒண்டும் போடவேண்டாம்."

அவர் என் பெயரை அடித்தார். நித்தியானந்தன். பிறகு சுசீலாதேவி. பிறகு அபிதா. திரையில் மூன்று முகங்கள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்று எங்களைப் பார்த்தன. மேலே இயந்திரம் நின்றுபோயிருந்தது. போகலாம் என்று யாராவது சொல்ல வேண்டும். எங்களில் எவரும் முதலில் எழும்பவில்லை.