புதன்கிழமை பார்த்த கார்

வேளாங்கண்ணியின் அக்கா தெரசாவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போயிருந்தன. சக்கர நாற்காலியிலிருந்து அவளைக் காருக்குள் உட்கார வைப்பது அவ்வளவு கஷ்டமில்லை. இறக்குவதுதான் பெரும்பாடு. வீட்டிலிருந்த சின்னக் காரின் சீட்டு தரையோடு தரையாக இருக்கும். வேளாங்கண்ணி குனிந்து, அக்காவின் கைகளைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, ஒரே மூச்சில் மேலே தூக்க வேண்டும். பஸ்ஸோ ஆட்டோவோ காரோ, தனக்குக் கல்யாணமான நாளிலிருந்து பத்தொன்பது வருடமாக அவள்தான் தூக்கினாள். வேறு யாரும் தொட்டால் அக்காவுக்கு வலிக்கும் என்று அவளே சொல்லி, அதை அவளே நம்பியும் வந்தாள்.

போன தை மாதம் அப்படித் தூக்கும்போது இடுப்பில் பிடித்துக்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸாக இருப்பவள், மற்றவர்களுக்குப் போடும் ஊசியைத் தானே போட்டுக்கொண்டு நான்கு நாள் படுத்துக் கிடந்தாள். "பெருசா ஒரு வண்டி வாங்கிடலாம்" என்றான் கணவன் அருள்நாதன். அரசு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியார். யோசிக்காமல் எதையும் சொல்கிற ஆளில்லை.

அன்றிலிருந்து வேளாங்கண்ணிக்கு வேறு நினைப்பே இல்லை. தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் என்று மூன்று மாதம் சனிக்கிழமை தவறாமல் ஷோரூம் ஏறி இறங்கினாள். கைப்பையில் தையல் டேப் இருக்கும். அக்காவின் நாற்காலி பத்தொன்பது அங்குல உயரம். பெரிய எஸ்யூவிகளின் சீட்டு இருபத்தெட்டு, முப்பது என்று மாடி மாதிரி இருந்தது. அக்காவால் கை ஊன்றி இருபத்துமூன்று வரைக்கும் நகர முடியும். ஆகவே நடுத்தர எஸ்யூவிதான் சரி. அதிலும் ஏழு சீட்டு என்றால் பின்வரிசையை மடக்கி நாற்காலியை மடிக்காமலே ஏற்றலாம். விற்பனைப் பையன்கள் சன்ரூஃபையும் கேமராவையும் காட்டிக்கொண்டிருக்க, இவள் கதவைத் திறந்து டேப்பைப் பிடிப்பாள்.

"எல்லாத்தையும் அக்காவ வெச்சேதான் பாக்கணுமா? மைலேஜ் என்ன, சர்வீஸ் எப்படின்னு பாரு" என்று அருள்நாதன் சமீபமாக முணுமுணுக்க ஆரம்பித்திருந்தான். அஞ்சு சீட்டு வண்டியே போதும் என்றான். அலைச்சலில் வந்த சலிப்பு என்று அவள் அதைப் பெரிதுபடுத்தவில்லை.

அக்காவும், "எனக்காக வாங்காதடி கண்ணி. உங்களுக்குப் புடிச்சதா வாங்கிக்குங்க" என்றாள், கம்ப்யூட்டர் திரையிலிருந்து முகத்தை எடுக்காமல். தெரசா வீட்டிலேயே இருந்து கேள்வித்தாள்களும் கல்யாணப் பத்திரிகைகளும் டைப் செய்து கொடுப்பவள். அவளுக்கு வேலை தருவது பாப்பாரப்பட்டியில் அச்சகம் வைத்திருக்கும் மரிய ஆனந்த். ஐம்பதை எட்டியவர், மனைவியை இழந்தவர். வாரத்துக்கு ஒருமுறை புரூஃபுடன் வந்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து போவார். இரண்டு வருடமாக அவருக்கு டீ போட்டுக் கொடுத்தவள் வேளாங்கண்ணிதான். சர்க்கரை பாதி என்று கூட அவளுக்குத் தெரியும்.

அந்தச் சனிக்கிழமை தர்மபுரி பைபாஸ் பக்கம் இருந்த ஷோரூமுக்கு டெஸ்ட் டிரைவுக்காகப் போனார்கள். அருள்நாதன் உள்ளே படிவத்தில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தான். விற்பனையாளன் குரு வெளியே வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அஞ்சு சீட்டு வண்டி. சரி, உயரத்தையாவது பார்ப்போம் என்று வேளாங்கண்ணி டேப்பை எடுத்தாள்.

"டேப்பெல்லாம் வேண்டாங்க மேடம்" என்று சிரித்தான் குரு. "அந்தம்மாவே புதன்கிழமை வந்து ஏறி எறங்கிப் பாத்துட்டாங்களே. கையூனி அவங்களே ஏறிட்டாங்க."

"எந்தம்மா?"

"வீல்சேர்ல வந்தாங்களே, உங்க அக்கா. உங்க சாரு, பாப்பா, அந்த பிரஸ்காரரு, நாலு பேருமா வந்தாங்க. எப்பவாவது வந்தா போனாத்தான் நான் ஏறப்போறன், இதுவே போதும்னு அந்தம்மா சொன்னாங்க. நீங்க மூணு பேருக்கு இது தாராளங்க மேடம்."

புதன்கிழமை தடுப்பூசி நாள். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை அவளால் சுகாதார நிலையத்தை விட்டு நகர முடியாது. அது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். அன்று மகள் அனிஷாவுக்கு ஸ்பெஷல் கிளாஸ் என்றார்கள். தலைவலி, மத்தியானமெல்லாம் படுத்திருந்தேன் என்றாள் அக்கா. அவள் நெற்றியில் வேளாங்கண்ணி தைலம்கூடத் தேய்த்துவிட்டாள்.

அவள் டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டாள். அருள்நாதன் வந்ததும் ஒன்றும் கேட்காமல் ஓட்டுநர் சீட்டில் ஏறினாள். குரு பின்னால் உட்கார்ந்துகொண்டான். நாலுவழிச் சாலையில் வண்டி வழுக்கிக்கொண்டு போனது. குரு பின்னாலிருந்து பிரேக்கைப் பற்றியும் ஏர்பேக்கைப் பற்றியும் சொல்லிக்கொண்டே வந்தான். அதியமான்கோட்டை தாண்டி ஒரு டீக்கடை ஓரமாக அவள் வண்டியை நிறுத்தினாள்.

"குரு, நீங்க போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க."

அவன் அருள்நாதனைப் பார்த்தான். அருள்நாதன் தலையாட்டியதும் இறங்கிப் போனான்.

"புதன்கிழம எங்க போனீங்க?"

அருள்நாதனுக்குப் பொய் சொல்ல நேரம் இருக்கவில்லை. அல்லது சொல்லிச் சொல்லி அலுத்துப் போயிருந்தானோ என்னவோ. "வூட்டுக்குப் போயிப் பேசலாம்" என்று மட்டும் முனகினான்.

"இங்கியே சொல்லுங்க."

"ஆனந்து அக்காவக் கேட்டாரு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னு. அக்காவுக்கும் சரின்னு பட்டுது. ஃபாதர்கிட்ட எழுதிக் குடுத்தாச்சு. நாளைக்கு மொத ஓலை வாசிக்கறாங்க."

திருமணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு கோயிலில் ஓலை வாசிப்பார்கள். ஊருக்கே தெரிவிக்கிற விஷயம் அது. ஊருக்குத் தெரிய ஒருநாள் இருக்கும்போது அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"நாளைக்கா?"

"இன்னிக்கு சாய்ந்தரம் உங்கிட்ட சொல்லலாம்னு இருந்தம்."

"எத்தன மாசமா நடக்குது இது?"

"ஆறு மாசம் இருக்கும்."

அவள் மனசு பின்னோக்கிப் போனது. கார் பார்க்க ஆரம்பித்து மூன்று மாதம்தான். முதல் ஷோரூமில் முதல் கதவைத் திறந்து அவள் டேப்பைப் பிடித்தபோதே இந்த மனிதனுக்கு எல்லாம் தெரியும். பக்கத்தில் நின்று டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தவனும் இவன்தான்.

"அப்பறம் எதுக்குங்க என்னக் கடை கடையா அலைய உட்டீங்க?"

"நீ வண்டி பாக்கறதுல சந்தோசமா இருந்த. அதக் கெடுக்க வேணாம்னு பாத்தன். சொல்லியிருந்தா நீ உட்டிருப்பியா, சொல்லு" என்றான்.

அவள் இறங்கிப் போய்ப் பின்சீட்டில் உட்கார்ந்தாள். குரு வந்தான். முன்சீட்டில் ஏறி, ஷோரூம் வரைக்கும் தானே ஓட்டினான்.

வீட்டில் தெரசா கம்ப்யூட்டர் முன்னால் இருந்தாள். அனிஷா கட்டிலில் புத்தகத்தோடு இருந்தாள். தங்கை செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்து நின்ற தோரணையிலேயே இருவருக்கும் விளங்கிவிட்டது. "அம்மா, பெரியம்மாதான் சத்தியம் வாங்குனாங்க" என்று அனிஷா அழ ஆரம்பித்தாள். அவளைத் திரும்பிப் பார்க்காமல் வேளாங்கண்ணி அக்காவிடம் கேட்டாள்.

"நான் உனக்கு என்னக்கா கொற வெச்சன்?"

"ஒரு கொறயும் வெக்கல."

"அப்பறம் ஏன் எங்கிட்ட மட்டும் சொல்லல? தைலம் தேய்க்கச் சொல்லி நெத்தியக் காட்டினியே, எப்படிக்கா மனசு வந்துச்சு?"

தெரசா நாற்காலியைத் திருப்பி நேராகப் பார்த்தாள். "எட்டு வருசத்துக்கு முன்ன ஓசூர்லேர்ந்து ஒருத்தர் வூட்ல என்னக் கேட்டு வந்தாங்க. நீ வாசல்லயே வெச்சுப் பேசி அனுப்பிட்ட. அக்காவுக்கு அதுலெல்லாம் விருப்பமில்லைங்கன்னு சொன்ன. நான் உள்ரதான் இருந்தன், கண்ணி. எனக்குக் காலுதான் வராது. காது நல்லாத்தான் கேக்கும்."

அந்தச் சமாச்சாரம் அக்காவுக்குத் தெரியும் என்று இத்தனை நாளில் ஒருநாளும் வேளாங்கண்ணி நினைத்ததில்லை. "அந்தாளு உன்னப் பாத்துக்குவான்னு எனக்கு நம்பிக்க வரல."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"அதுக்குத்தான் இப்பப் பழி தீத்துக்கிட்டியா?"

"இல்லடி. பயந்தன். நீ ஒரு சொட்டுக் கண்ணீர் உட்டீன்னா நான் வேணாம்னு சொல்லிருவன். உனக்காகச் சொல்லிருவன். ஓலைக்கு எழுதிக் குடுத்துட்டா பின்வாங்க முடியாதில்ல. அதான் அதுவரைக்கும் சொல்ல வேணாம்னு உன் வூட்டுக்காரர்கிட்ட கேட்டுக்கிட்டன்."

அக்கா சொன்னதில் பொய் இல்லை. தான் செய்ததும் சரியில்லை. இரண்டும் வேளாங்கண்ணிக்குப் புரிந்தது. ஆனால் ஒரு வீட்டில் நான்கு பேர் இருந்து, மூன்று பேர் கண்ணால் பேசிக்கொண்டு, நான்காவது ஆளாகத் தான் சோறு பரிமாறிக்கொண்டிருந்த ஆறு மாதத்தை எந்த நியாயமும் துடைத்துவிடவில்லை. எந்தெந்தச் சிரிப்பு உண்மை, எது தன்னை ஏய்க்கச் சிரித்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். பிரித்தறிய முடியவில்லை. அன்று வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போகாமல் இருந்துவிடலாமா என்று பார்த்தாள். போகாவிட்டால் ஊர் பேசும். போனாள். பூசை முடிகிற சமயத்தில் ஃபாதர் தாளை எடுத்து வாசித்தார். பாப்பாரப்பட்டி பங்கைச் சேர்ந்த மரிய ஆனந்துக்கும், இந்தப் பங்கைச் சேர்ந்த காலஞ்சென்ற சூசையின் மகள் தெரசாவுக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்க வேண்டும் என்றார். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்து அடங்கியது. முன்வரிசைகள் திரும்பி வேளாங்கண்ணியைத்தான் பார்த்தன, தெரசாவை அல்ல.

வெளியே வந்ததும் பக்கத்துத் தெரு சின்னம்மாள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அடி கள்ளி! மூச்சு விடலியேடி! எத்தன நாளாப் பாத்து முடிச்ச? எந்தத் தங்கச்சி இப்படிச் செய்வா, சொல்லு!"

"ஆமாங்க்கா. எல்லாம் பேசி முடிச்சப்பறம் சொல்லிக்கலாம்னு இருந்தம்" என்றாள் வேளாங்கண்ணி. சிரிக்கவும் செய்தாள். வேறொருத்தி வந்தாள், அவளுக்கும் அதையே சொன்னாள். மூன்றாவது ஆளிடம் சொல்லும்போது நாக்குக்கு அது பழகிவிட்டிருந்தது. தள்ளி நின்ற அருள்நாதன் தலையைக் குனிந்துகொண்டான்.

வைகாசியில் பாப்பாரப்பட்டியில் கல்யாணம் நடந்தது. பட்டுப்புடவை எடுத்ததும், ரவிக்கை தைக்கக் கொடுத்ததும், அக்காவுக்குத் தலை சீவிப் பூ வைத்ததும் வேளாங்கண்ணிதான். செய்ய வேண்டியதையெல்லாம் செய்தாள். பேச வேண்டியதை மட்டும் பேசினாள். கோயில் படியருகே போனதும், வழக்கம்போலக் குனிந்து தூக்கத் தயாரானாள். ஆனால் ஆனந்த் முந்தின நாளே பிளைவுட் பலகையில் ஒரு சாய்தளம் செய்து படியோடு பொருத்தி வைத்திருந்தார். தெரசா இரண்டு கையாலும் சக்கரத்தை உந்திக்கொண்டு யார் உதவியும் இல்லாமல் ஏறிப் போனாள். பாதியில் ஒருமுறை திரும்பித் தங்கையைத் தேடினாள். வேளாங்கண்ணி கூட்டத்தில் யாரோ கொடுத்த குழந்தையை வாங்கி, அதன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது பழைய காரில் மூன்று பேர் மட்டும் இருந்தார்கள். அனிஷா பின்னால் தூங்கிவிட்டாள். ஊர் நெருங்கும் சமயம் அருள்நாதன் மெதுவாகப் பேச்செடுத்தான்.

"குரு ரெண்டு தடவ போன் பண்ணிட்டான். அடுத்த வாரம் போயி புக் பண்ணிடலாமா? உன் இடுப்புக்கும் நல்லதில்ல, இந்தத் தாழ்வான சீட்டு."

"இனிமே நான் யாரத் தூக்கப் போறன்?"

"அப்ப வேணாங்கறியா?"

"உங்களுக்கு வேணும்னா வாங்கிக்குங்க. மொதல்ல போயிப் பாத்துட்டு, அப்பறமா எனக்குச் சொல்லுங்க."

ஆவணி வரைக்கும் அந்த வீட்டில் யாரும் கார் பேச்சை எடுக்கவில்லை. அக்காவின் போன் மட்டும் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு வந்தது. முதல் வாரம் வேளாங்கண்ணி அதை அனிஷாவிடம் கொடுத்துவிட்டாள். இரண்டாவது வாரம் அவளே எடுத்தாள். சாப்பிட்டியா, தண்ணி வருதா என்று கேட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். ஒருநாள் அக்கா, "எப்ப வரப்போற கண்ணி? என்னிக்காவது ஒருநாள் வந்துட்டுப் போயேன்" என்றாள்.

"பாக்கலாம்க்கா" என்றுவிட்டு, அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லிப் போனை வைத்தாள். அடுப்பில் ஒன்றும் இல்லை.