ஷெரின் வரைந்த படங்கள்

சிவப்புக் கிரயானைச் சுவரில் அழுத்தி இழுத்தபடி ஷெரின் நடந்துகொண்டிருக்கிறாள், அடுப்படி வாசலில் தொடங்கிய கோடு கட்டிலைத் தாண்டி, பீரோவைச் சுற்றி, அவள் தடுமாறும் இடத்தில் தானும் தடுமாறி ஏறி இறங்கிப் போகிறது, இரண்டரை வயதுக் கால்களுக்கு அது எவ்வளவு தூரம், கண்ணை மூடினால் ஜெபராணிக்கு அந்தப் பகல்தான் முதலில் வருகிறது, ஏட்டி என்னட்டி பண்ணுத என்று மகளைப் பார்த்துக் கத்தப் போனவள் வாயை மூடிக்கொண்ட பகல், பிள்ளையைத் தடுக்காதீர்கள், எதை வரைந்தாலும் பாராட்டுங்கள் என்று செல்போனில் ஒரு டாக்டரம்மா பேசியதைக் கேட்டிருந்தாள், மறுநாளே அந்த மாடி வீடு முழுக்கக் குழந்தையின் உயரத்துக்குச் சார்ட் ஒட்டினாள், கிண்ணத்தில் மஞ்சள் கரைத்துக் கொடுத்தாள், வெண்டைக்காயை நறுக்கி மையில் தோய்த்து ஒற்றச் சொன்னாள், முழங்கை வரை நிறமாகி ஷெரின் கத்திச் சிரித்தாள், அந்த ஒரு மாதம் தூத்துக்குடி வெயில்கூட உறைக்கவில்லை.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் கணவன் ராயப்பனுக்குப் படங்களைப் போட்டோ எடுத்து அனுப்பினாள், என்ன இது கோழி கிளறுன மாதிரி, எங்கூட இருக்கவன் பிள்ளை இந்த வயசுல யானை வரையுதாம், அவ்வளவுதான் சொன்னான், அன்று மாலை ஷெரினின் கையில் கிரயானை வைத்துத் தன் கையால் மூடி ஜெபராணி ஒரு மீன் வரைந்தாள், பிள்ளையின் விரல்கள் இடப்பக்கம் போக முண்டின, அவள் வலப்பக்கம் இழுத்தாள், மீன் வந்துவிட்டது, அதை அனுப்பியதும் எம்பிள்ளையா வரைஞ்சிச்சு என்று ராயப்பன் குரல் உடைந்தது, பிறகு படகு, பிறகு பனை, பிறகு கோயில் கோபுரம், எந்தப் படத்தில் அந்தச் சின்னக் கை தன் கைக்குள் இல்லாமல் போனது என்று அவளுக்கு நினைவில்லை, பிள்ளையைத் தூங்கப் போட்டுவிட்டு அலைமேல் அலையாகத் தீட்டிய மதியங்கள்தான் நினைவிருக்கின்றன, விழித்து வந்து ஷெரின் கை நீட்டுகிறாள், பொறுட்டி, நீ தொட்டா கெட்டுரும்.

லீவில் வந்த ராயப்பன் தன் அண்ணன் குடும்பத்தைக் கூப்பிட்டு உட்கார வைத்தான், மகளை மடியில் இருத்தி, அப்பாவுக்கு ஒரு படகு போடு மக்கா, பெரியப்பா பாக்கட்டும் என்றான், ஷெரின் தாளைப் பார்த்தாள், எல்லோரையும் பார்த்தாள், மடியிலிருந்து வழுக்கி இறங்கி நடந்து வந்து கிரயானை ஜெபராணியின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிவிட்டாள், அம்மா நீ போடு, ராயப்பன் சிரித்தான், சிரித்துக்கொண்டே, அப்ப பொண்டாட்டி படத்தையா மஸ்கட் ரூம் பூரா ஒட்டி வச்சிருக்கேன், எம்பிள்ளை மக்குதானா என்றான், சின்னப் பிள்ளைதான, விடுங்க, என்று அண்ணன் மனைவி சொன்னதில் இருந்த இரக்கம் அதைவிடக் கொடுமையாக இருந்தது, ஜெபராணி மகளை அடுப்படிக்குள் தூக்கிப் போய்த் தொடையில் கிள்ளினாள், தோல் கன்றும் வரை விரலை எடுக்கவில்லை, ஏன்ட்டி சொன்ன, ஏன் போடலை, தேம்பலுக்கு நடுவில் பதில் வந்தது, நான் தொட்டா கெட்டுரும்மா.

ராயப்பன் திரும்பிப் போய்விட்டான், அதன்பிறகு படம் கேட்கவேயில்லை, ஷெரின் கிரயான் பக்கம் போவதேயில்லை, சொன்னபடி சாப்பிடுகிறாள், சொன்னபடி தூங்குகிறாள், சமர்த்து என்கிறார்கள் பக்கத்து வீட்டில், ஜெபராணியால்தான் நிறுத்த முடியவில்லை, யாருக்கும் அனுப்பாமல், யாரும் கேட்காமல் வரைகிறாள், தன் கைக்கு இப்படி ஒன்று தெரியும் என்பது இருபத்தெட்டு வயதுவரை அவளுக்கே தெரியாது, அந்த மதியமும் தரையில் கடல் படத்தை விரித்து வைத்திருந்தாள், நீலம் தீட்டி முடிந்துவிட்டது, தண்ணீரில் வெயில் விழுவதுதான் பாக்கி, நிமிர்ந்தால் ஷெரின் நிற்கிறாள், எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் கையில் ஒரு கிரயான், பழைய சார்ட்டின் மூலையில் அதை வைக்கலாமா வேண்டாமா என்று அம்மாவின் முகத்தையே பார்க்கிறாள், போடு மக்கா என்று ஒரு வார்த்தை போதும், ஜெபராணிக்கு அது தெரியும், அந்த நொடியிலும் நன்றாகத் தெரிந்தது, ஆனால் அது மஞ்சள், பெட்டியில் மிஞ்சியிருந்த ஒரே மஞ்சள், இதைத்தான்டி தேடிட்டிருந்தேன், தா, என்று கையை நீட்டினாள், ஷெரின் கொடுத்துவிட்டாள்.