தையல் இல்லாத ஆபரேஷன்

எண்பத்தெட்டில் மெட்ராஸில் ஆபரேஷன் முடிந்து நான் நெய்வேலி திரும்பிய மறுநாளே, பிளாக் முழுவதும் எங்கள் குவார்ட்டர்ஸுக்குள் வந்துவிட்டது. ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தவர்கள் முதலில் என் தலையைத்தான் பார்த்தார்கள். கட்டு இல்லை, தையல் இல்லை. நெற்றியில் திருகு பதிந்த இரண்டு சின்னப் புண்கள் மட்டும். அவர்களுக்கு ஏமாற்றம், எனக்குக் கோபம். ஆனால் திட்ட முடியாது. வாயைத் திறந்தால் இடது கன்னத்தில் ஷாக் அடித்த மாதிரி வலிக்கும்.

இரண்டு வருடமாக இதே கதை. பல்வலி என்று இரண்டு நல்ல பற்களைப் பிடுங்கினார்கள். பல் போனது, வலி போகவில்லை. பிளாக்கிலேயே பெரிய வாய்க்காரி என்று பேரெடுத்த நான், வீட்டுக்காரர் சோமசுந்தரத்திடம் சிலேட்டில் எழுதிக்காட்டிக் காலம் தள்ளினேன்.

முகத்து நரம்பில் கோளாறு என்று கண்டுபிடித்தவர் மெட்ராஸ் டாக்டர்தான்.

"கத்தியே வைக்க மாட்டோம்மா. பல பக்கத்துலேர்ந்து மெல்லிசா கதிர் அனுப்புவோம். எல்லாம் சேர்ற இடத்துல மட்டும்தான் வேகம் இருக்கும். இன்னும் ஆராய்ச்சியிலதான் இருக்கு. பலன் தெரிய சில வாரம் ஆகும், தெரியாமலும் போகலாம்."

வீட்டுக்காரர் யோசித்தார். நான் யோசிக்கவில்லை. தலையில் இரும்புச் சட்டத்தைத் திருகியபோதும் எனக்குப் பயமில்லை. சரியாகிவிடும் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன்.

வாரங்கள் போயின. 'இன்னும் கொஞ்ச நாள்' என்று இவருக்கு எழுதிக்காட்டிவிட்டு, வாயை இறுக மூடிக்கொண்டே இருந்தேன். ஒரு மாலை, கீழ் வீட்டு மாணிக்கம்மாள் வாசலில் நின்று இவரிடமே கேட்டாள்.

"ஒரு தையல் இல்ல, ரத்தம் இல்ல. இன்னா ஆபரேஷனுங்க அது? வூட்டு வேலைக்குப் பயந்துகினு உங்க சம்சாரம் நடிக்கிறாங்கன்னு எல்லாரும் பேசிக்கிறாங்க."

இவர் தலையைக் குனிந்துகொண்டார். மைன்ஸில் ஷிப்ட் பார்த்துவிட்டு வந்து எனக்குக் கஞ்சி காய்ச்சித் தருகிற மனிதர். அவர் குனிந்து நின்றதைப் பார்த்ததும் எனக்கு வந்ததே ஆத்திரம்!

"யாருடி நடிக்கிறா? உன் தலையில திருகு போட்டுப் பாக்கலாமா? ஒழைச்சிக் களைச்சி வந்த மனுஷன்கிட்ட கேக்கிற கேள்வியா இது?"

தொண்டை கிழியக் கத்தினேன். எதிர் பிளாக்கில் ஜன்னல்கள் திறந்தன. மாணிக்கம்மாள் இரண்டு படி கீழே இறங்கிவிட்டாள். அடுத்த வசவுக்கு மூச்சு இழுத்தபோதுதான் எனக்கு உறைத்தது. கன்னம் வலிக்கவில்லை.

அப்படியே நின்றுவிட்டேன். இவர் என்னையே பார்த்தார். கண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவும் இல்லை.

"நிறுத்தாத விஜயா," என்றார். "இன்னும் திட்டு."